எதிரொலியும் ஏனத்து நீரும்

மழை பெய்ததா என்று கேட்டால் எவரும் விடை கூறிவிடுவர். எவ்வளவு பெய்தது என்று கேட்கும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. தமிழ்நாட்டு உழவர் 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்பர். ஏர் பூட்டி உழுதற்குப் போதிய ஈரம் மண்ணில் இறங்கிற்று என்பது அதன் பொருள். பஞ்சாங்கம் கணிப்போர் 'மரக்கால்' கணக்கில் மழையைச் சொல்வர். முன்னது மண்ணைப் பார்த்துச் சொன்ன அளவு. பின்னது ஏட்டைப் பார்த்துச் சொன்ன அளவு. பண்டகசாலையில் ஒரு முழ அகல வாயுடைய கலத்தை வைத்து மழையை அளக்க வேண்டும் என்று வடமொழி அர்த்தசாத்திரம் விதிக்கிறது. கொரிய நாட்டில் செஜோங் மன்னர் காலத்தில், 1441-ஆம் ஆண்டில், மழையளக்கும் கலம் ஒன்று செய்யப்பட்டது. அது நாட்டின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டது. வரி விதிக்க வேண்டுமாயின் விளைச்சல் தெரிதல் வேண்டும். விளைச்சல் தெரிய மழை தெரிதல் வேண்டும். அரசர்களுக்கு மழையின்மேல் வந்த அக்கறைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இன்றைய மழைமானியும் அக்கலத்தின் கருத்தையே கொண்டது. வானத்திலிருந்து விழும் நீரை ஏந்தி, தேங்கிய உயரத்தை அளந்து, இத்தனை மில்லிமீட்டர் என்று அது கூறுகிறது. இதற்குப் போட்டியாகச் சென்ற நூற்றாண்டில் வந்தது ராடார். இரண்டாம் உலகப் போரில் பகை விமானங்களைத் தேடிய ராடார்க் கருவிகளின் திரையில் மழை முகில்களும் தோன்றி இடையூறு செய்தன. போர் முடிந்ததும் அவ்விடையூறே ஒரு துறையாயிற்று. கனடாவின் மொண்ட்ரியால் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல், பாமர் என்னும் இருவர் 1948-இல் வெளியிட்ட சிறு கட்டுரையொன்று, மழைத்துளிகள் எந்த அளவில் எத்தனை இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கைத் தந்தது. எதிரொலியின் வலிமையைக் கண்டால் மழையின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்ற நம்பிக்கை அதனால் வலுப்பெற்றது.

இன்று கைப்பேசியைத் திறந்தால் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மழைப்படம் வந்து நிற்கிறது. பார்ப்போர் அதையே மழை என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அப்படம் நீரை அளந்து வரைந்ததன்று; எதிரொலியை அளந்து, அதிலிருந்து நீரை ஊகித்து வரைந்தது. ஊகம் பொய்த்தால் விளைவு என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போர்ட் காலின்ஸ் என்னும் நகரம் 1997-ஆம் ஆண்டில் கண்டது.

போர்ட் காலின்ஸ் ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. வறட்சி மிகுந்த நிலம். ஆண்டு முழுவதற்கும் அங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டரே. அவ்வாண்டு சூலை 27-ஆம் நாள் தொடங்கிய மழை மறுநாள் மாலையில் பேய்மழையாயிற்று. நகரின் தென்மேற்கு ஓரத்தில் 28-ஆம் நாள் மாலையும் இரவுமாக 6 மணி நேரத்திற்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. முதல்நாள் மழையையும் சேர்த்து எண்ணினால், அவ்விடத்தில் 31 மணி நேரத்தில் 14.5 அங்குலம், அதாவது 368 மில்லிமீட்டர் ஆயிற்று. ஏறத்தாழ ஓராண்டின் மழை இது. நகரின் கிழக்கு ஓரத்தில் பெய்ததோ இதில் ஒரு சிறு பங்கே.

ஸ்பிரிங் கிரீக் என்னும் ஓடை பெருகிற்று. இருப்புப்பாதைக்காகப் போட்டிருந்த மண்மேடு அணைபோல் நீரைத் தேக்கிற்று. பின்னர் அதைக் கடந்து வந்த வெள்ளம் தாழ்வான இடத்தில் இருந்த நகர்வு வீடுகளை அடித்துச் சென்றது. ஐவர் மாண்டனர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகக் கீழ்த்தளத்தில் நீர் புகுந்து, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்த் தொகுதிகளும் நனைந்தன. நனைந்த ஏடுகளில் பூஞ்சை படரும் முன்னர் அவற்றை அள்ளி உறைகுளிரில் வைத்து, பின்னர் வெற்றிடத்தில் உலர்த்தி மீட்கும் பணி நெடுநாள் நடந்தது. நூலைப் போற்றுவோர் நெஞ்சில் தைக்கும் செய்தி இது. ஐந்து உயிர்களுக்குப் பின்னர்தான் அதைச் சொல்ல வேண்டும் என்பதும் உண்மையே.

அந்த மாலையில் ராடார்கள் உறங்கவில்லை. டென்வர் அருகிலும், வடக்கே செயென் நகரிலும் அரசின் வானிலை ராடார்கள் இயங்கின. இரண்டும் முகிலைக் கண்டன. ஆயினும் வழக்கமான வாய்பாட்டின்படி கணக்கிட்டு அவை கூறிய மழையளவு, தரையில் பெய்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. உண்மையான அளவு எப்படித் தெரிந்தது? மாநிலத்தின் தட்பவெப்ப ஆய்வாளர் நோலன் டெஸ்கனும் உடன் பணியாற்றியோரும் மழை ஓய்ந்தபின் மக்களிடம் செய்தி திரட்டினர். கொல்லைப்புறத்தில் மழைமானி வைத்திருந்தோர் சிலர். வெட்டவெளியில் கிடந்த வாளியில் நீர் எவ்வளவு நின்றது என்று சொன்னோர் சிலர். இவ்வாறு 300-க்கு மேற்பட்ட இடங்களிலிருந்து செய்தி கிடைத்தது. அதனைக் கொண்டே எந்தத் தெருவில் எவ்வளவு பெய்தது என்னும் வரைபடம் உருவாயிற்று. பெரும் பொருட்செலவில் நிறுவிய கருவி தவறிய இடத்தில் வாளி வழிகாட்டிற்று.

ராடார் ஏன் தவறிற்று? அதன் விடை துளியின் பருமனில் இருக்கிறது.

ராடார் அனுப்பும் அலை ஒரு துளியில் பட்டுத் திரும்பும்போது, எதிரொலியின் வலிமை அத்துளியின் விட்டத்தினுடைய ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. துளியிலுள்ள நீரோ விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. பள்ளிக் கணக்காகவே இதைப் போட்டுப் பார்க்கலாம். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளியும், 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள 64 துளிகளும் ராடாருக்கு ஒன்றே. 2-இன் ஆறாம் அடுக்கு 64 அன்றோ? ஆனால் நீரைப் பார்த்தால், பெரிய துளியில் உள்ளது 8 பங்கு; சிறிய துளிகள் அனைத்திலும் சேர்ந்து உள்ளது 64 பங்கு. எதிரொலி ஒன்றாக இருக்க, நீர் எட்டு மடங்கு வேறுபடுகிறது. சில பெருந்துளிகள் கூடிப் பேரொலி எழுப்பலாம். எண்ணற்ற சிறு துளிகள் ஆரவாரமின்றி ஊரையே மூழ்கடிக்கலாம். ஆலங்கட்டி கலந்துவிட்டாலோ எதிரொலி மேலும் பெருகும்; பெய்யாத மழையைப் பெய்ததாக ராடார் கூறிவிடும்.

இதனால்தான் எதிரொலியை மழையாக மாற்றும் வாய்பாடு ஒன்றாக இல்லை. மார்ஷல், பாமர் ஆய்வின் வழிவந்த வாய்பாட்டில், மழைவீதத்தை 1.6 என்னும் அடுக்குக்கு உயர்த்தி 200-ஆல் பெருக்கினால் எதிரொலி எண் வரும். அமெரிக்க அரசின் ராடார்கள் பொதுவாகக் கொண்டது 300-உம் 1.4-உம். வெப்பமண்டல மழைக்கென வகுத்தது 250-உம் 1.2-உம். இவ்வெண்களின் வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ராடார் அளவையில் 50 டெசிபல் எனக் காட்டும் ஒரு வலுத்த எதிரொலியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் அற்பம் அன்று என்பது விளங்கும். முதல் வாய்பாடு மணிக்கு 49 மில்லிமீட்டர் என்கிறது. இரண்டாவது 63 என்கிறது. மூன்றாவது 147 என்கிறது. எதிரொலி ஒன்றுதான். முதலாவதைக் கேட்டு வீட்டில் இருப்பவன், மூன்றாவதைக் கேட்டிருந்தால் மேட்டை நோக்கி ஓடியிருப்பான்.

போர்ட் காலின்ஸில் அன்று பெய்தது அந்நாட்டு வழக்கப்படி பெய்யும் இடிமழை அன்று. அந்நிலத்துக் கோடை இடிமுகில்கள் பெரும்பாலும் உயர்ந்து எழுந்து, மிக்க மின்னலும் ஆலங்கட்டியும் தருபவை. அன்றைய முகிலிலோ ஈரம் மிகுந்திருந்தது. மின்னல் மிகுதியாக இல்லை. துளிகள் பனிக்கட்டி நிலையைப் பெரிதும் சாராமல், கீழ்நிலை முகிலிலேயே ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெருகின. சுருங்கச் சொன்னால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்போர் நன்கறிந்த வகை மழை, அன்று ராக்கி மலையடிவாரத்தில் பெய்தது. அதற்குரிய வெப்பமண்டல வாய்பாட்டைப் பின்னர்ப் போட்டுப் பார்த்தபோது, கணக்கு உண்மையை நெருங்கி வந்தது. ஆனால் எந்த மழைக்கு எந்த வாய்பாடு என்பதை மழை பெய்துகொண்டிருக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டுமே! பெய்து ஓய்ந்தபின் தேர்ந்தெடுப்பது எவர்க்கும் எளிது.

அப்படியானால் மழைமானியே போதும், ராடார் எதற்கு என்று கேட்கலாகாது. மழைமானிக்கும் தன் குறைகள் உண்டு. முதற்குறை அதன் வாயின் சிறுமை. 4 அங்குல விட்டமுள்ள மானியின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 81 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் விழும் மழைக்கு அது சான்று கூறுமாயின், 12 கோடியில் ஒரு பங்கைப் பார்த்து முழுமைக்கும் தீர்ப்புச் சொல்வதாகும். நாள் முழுதும் சீராகப் பெய்யும் அடைமழைக்கு அச்சான்று பொருந்தும். இடிமழைக்குப் பொருந்தாது. புக்கித் தீமாவில் கொட்டும்போது சாங்கியில் வெயில் அடிப்பதைச் சிங்கப்பூரில் இருப்போர் பலமுறை கண்டிருப்பர். ஒரே ஒரு மானி சாங்கியில் இருந்தால், அது மழையே இல்லை என்று மெய்யாகவே கூறும்.

அடுத்த குறை காற்று. இலண்டன் மருத்துவர் வில்லியம் எபர்டன் ஒரே வடிவமுள்ள மூன்று மானிகளை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கூரையிலும், ஒரு வீட்டின் கூரையிலும், அவ்வீட்டுத் தோட்டத்திலுமாக ஓராண்டு வைத்துப் பார்த்தார். 1769-இல் வெளியான அம்முடிவு அறிஞரைத் திகைக்கச் செய்தது. தோட்டத்தில் 22.6 அங்குலம்; வீட்டுக் கூரையில் 18.1, தேவாலயத்தின் மேல் 12.1. மேலே குறைவாகவும் கீழே மிகுதியாகவும் பெய்யுமோ? விழும் வழியில் துளிகள் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு பருக்கின்றன என்பது போன்ற விளக்கங்கள் நெடுங்காலம் உலவின. 1861-இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் உண்மையை விளக்கினார். பிற்காலத்தில் பொருளியல் அறிஞராகப் புகழ்பெற்றவர் அவரே. காற்று மானியின் விளிம்பில் மோதி மேலெழுந்து விரைகிறது. அவ்விரைவு துளிகளை வாயில் விழவிடாமல் அப்பால் தள்ளிவிடுகிறது. உயரே காற்று மிகுதி. ஆதலின் இழப்பும் மிகுதி. மானியைத் தாழ வைக்க வேண்டும், மரத்துக்கும் சுவருக்கும் அருகில் வைக்கலாகாது என்னும் விதிகள் இதனாலேயே ஏற்பட்டன.

தானே எழுதும் மானிகளில் ஒருவகை, இரு சிறு வாளிகளை ஏற்றப்பலகைபோல் மாறிமாறிச் சாயவிட்டு எண்ணுவது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென் 17-ஆம் நூற்றாண்டிலேயே எண்ணிய அமைப்பு இது. பெருமழையில் ஒரு வாளி சாய்ந்து மற்றது வருவதற்குள் சிறிது நீர் எண்ணப்படாமல் போய்விடும். எப்போது சரியான அளவு மிகவும் தேவையோ, அப்போதே அது குறைத்துச் சொல்கிறது! புனலில் ஓர் இலை அடைத்துக்கொண்டால் சொல்லவே வேண்டுவதில்லை.

இனி, ராடாரும் பிழையின்றி, மானியும் பிழையின்றி இருந்தாலும் இரண்டும் ஒரே எண்ணைக் கூற வேண்டும் என்பதில்லை. அவை ஒரே பொருளை அளக்கவில்லை என்பதே காரணம். டென்வர் ராடாருக்கும் போர்ட் காலின்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ராடார்க் கற்றை அரைப் பாகை உயர்ந்து செல்கிறது. நிலமோ உருண்டையாதலின் கீழ்நோக்கி வளைகிறது. ஆகவே அத்தொலைவில் கற்றையின் நடுப்பகுதி, ராடாரின் மட்டத்துக்கு மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதன் அகலமோ ஒன்றேமுக்கால் கிலோமீட்டர். 200 கிலோமீட்டர் தொலைவில் உயரம் 4 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். கற்றைக்குக் கீழே நிகழ்வது ராடாருக்குத் தெரியாது. ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலிருந்து நல்ல பருமனுள்ள துளி தரைக்கு வர ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அதற்குள் துளி 2 கிலோமீட்டருக்கு மேல் விலகிப்போய் விழும். ராடார் ஒரு தெருவின் மேல் கண்ட மழையை அடுத்த தெருவின் மானி வாங்கிக்கொள்வதும் உண்டு. ஐந்து நிமிடக் கணக்கில் இரண்டையும் ஒப்பிட்டால் பொருந்தா. ஒரு மணி நேரம், ஒரு நாள் எனச் சேர்த்துப் பார்க்கப் பார்க்க வேறுபாடு குறையும்.

ஆகவே வானிலை நிலையங்கள் இரண்டையும் இணைக்கின்றன. எளிய முறை ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்தில் 10 மானிகள் சேர்ந்து 400 மில்லிமீட்டர் காட்டின எனக் கொள்க. அதே 10 இடங்களுக்கு ராடார் 250 எனக் கணக்கிட்டதாயின், விகிதம் 1.6. ராடார்ப் படம் முழுவதையும் அவ்விகிதத்தால் பெருக்கிவிடுவர். மழை எங்கெங்கே எவ்வடிவில் பரவியது என்பதை ராடாரிடமும், அதன் அளவு எவ்வளவு என்பதை மானியிடமும் கேட்டறிவதே இதன் உட்பொருள். ஆயினும் ஒரு பகுதியில் ஆலங்கட்டி மழையும் மறுபகுதியில் நுண்துளி மழையும் பெய்தால், ஒரே விகிதம் இரண்டுக்கும் தீங்கு செய்யும். அடைபட்ட மானி ஒன்று கணக்கில் நுழைந்தாலும் அப்படியே. இடத்துக்கிடம் விகிதத்தை மாற்றும் முறைகள் பின்னர் வகுக்கப்பட்டன. அவற்றின் கணிதம் நீண்டது, ஈண்டு வேண்டா.

துளியின் பருமனையே ராடார் அறிந்துகொள்ள வழியுண்டா? உண்டு, அவ்வழி துளியின் வடிவத்தில் இருக்கிறது. பாடநூல்களில் மழைத்துளியை மேற்புறம் கூர்ந்தும் கீழ்ப்புறம் உருண்டும் வரைவது வழக்கம். வீழும் மழைத்துளி எதுவும் அவ்வடிவில் இருப்பதில்லை. 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளி ஏறத்தாழ உருண்டை. பெருகப் பெருக அது காற்றின் தடையால் அடிப்புறம் தட்டையாகி, ஏறத்தாழ இட்டலியின் வடிவைப் பெறும். மிகப் பருத்தால் உடைந்துபோகும். எனவே கிடைநிலையிலும் நெடுநிலையிலும் அதிரும் இரு அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலிகளை ஒப்பிட்டால், துளி எவ்வளவு தட்டை என்பது தெரியும். அதிலிருந்து அதன் பருமன் தெரியும். புரண்டு புரண்டு விழும் ஆலங்கட்டி பெரும்பாலும் உருண்டைபோலவே தோன்றுமாதலின் அதையும் பிரித்தறியலாம்.

1997-இல் அரசின் ராடார்களுக்கு இத்திறன் இல்லை. ஆனால் போர்ட் காலின்ஸுக்கு அருகில் கிரீலி என்னும் ஊர்ப்பக்கம் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ராடார் ஒன்று இருந்தது. சிகாகோ, இல்லினாய் என்னும் பெயர்களைச் சேர்த்து 'சில்' என்று அதனை அழைத்தனர். இருநிலை அலைகளை அனுப்பும் அந்த ராடாரும் அந்த மழையைப் பதிவு செய்தது. பின்னர் அப்பதிவை ஆராய்ந்து கண்ட மழையளவு, மக்களிடம் திரட்டிய அளவோடு நன்கு ஒத்துப்போயிற்று. நூலகத்தை இழந்த அதே பல்கலைக்கழகம், வெள்ளத்தை ஏறத்தாழ உள்ளபடி அளந்த கருவியையும் வைத்திருந்தது. அளவு மட்டும் காலங்கடந்து கிடைத்தது. அமெரிக்க அரசின் ராடார்கள் அனைத்தும் இவ்வாறு மாற்றியமைக்கப்பட்டது 2011-க்கும் 2013-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான்.

டெஸ்கன் அதுவரை காத்திருக்கவில்லை. வெள்ளத்தின் மறு ஆண்டே, 1998-இல், பொதுமக்களைக் கொண்டு மழையளக்கும் அமைப்பொன்றைத் தொடங்கினார். 'கோக்கோராஸ்' என்று சுருக்கமாக வழங்கும் அது கொலராடோவில் தொடங்கி, பின்னர் அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் பரவிற்று. இல்லத்தரசியர், ஓய்வுபெற்றோர், உழவர், பள்ளி மாணவர், ஆசிரியர் எனப் பலதரப்பினரும் அதில் உறுப்பினர். கருவி மிக எளிது. 4 அங்குல வாயுள்ள ஒளிபுகும் குழாய். அதனுள் ஒரு சிறு குழாய். சிறு குழாயின் குறுக்குப்பரப்பு வாய்ப்பரப்பில் பத்தில் ஒரு பங்காதலால், ஓர் அங்குல மழை அதனுள் 10 அங்குல உயரம் நிற்கும். நுண்ணிய அளவையும் வெறுங்கண்ணால் படித்துவிடலாம். சிறு குழாய் நிரம்பி வழிந்தால் பெரிய குழாய் ஏந்திக்கொள்ளும். ஆலங்கட்டியை அளக்க, மென்மையான நுரைப்பலகையில் அலுமினியத் தாளைச் சுற்றி வெளியில் வைப்பர். விழுந்த கட்டிகளின் குழிகள் அதில் பதியும்.

காலை 7 மணி அளவில் பார்த்து எழுதி அனுப்புவது அவர்கள் வழக்கம். மழையே பெய்யாத நாளிலும் '0' என்று எழுதி அனுப்புமாறு அமைப்பு அவர்களை வற்புறுத்துகிறது. புதிதாகச் சேர்ந்தோருக்கு இது வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் எழுதாமல் விட்ட இடம் வேறு, சுழி எழுதிய இடம் வேறு. வறண்ட நிலத்தில் உயரே உள்ள முகிலிலிருந்து விழும் மழை, தரையை எட்டும் முன்னரே காற்றில் உலர்ந்து மறைவதுண்டு. அப்போது ராடார்த் திரையில் பச்சைநிறம் படர்ந்திருக்கும். தெருவில் புழுதி பறக்கும். திரையில் கண்ட மழை தரைக்கு வரவில்லை என்பதை அன்று எடுத்துச் சொல்வது, கொல்லைப்புறத்து மானியைப் பார்த்து ஒருவர் எழுதிய அந்தச் சுழிதான்.